பின்னல் விரிப்பின் அளவு

(சங்கத்தின் தையற்பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் பயிற்சி ஆசிரியை ஆற்றிய உரை)



வெள்ளி விழா ஆண்டில் பேச அழைக்கப்படுகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனை எனக்கு முன் பேசியவர்கள் சிறப்பாகவே செய்துவிட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் சிறியது. பழந்துணியைக் கிழித்து, சடை போலப் பின்னி, அந்தப் பின்னலைச் சுற்றிச் சுற்றித் தைத்து ஆக்கும் விரிப்பு ஒன்று உண்டல்லவா? அதனைப் பெரிதாக்குவது எவ்வாறு, சிறிதாக்குவது எவ்வாறு என்பதுதான் நான் பேச வேண்டியது. ‘இதற்கும் ஒரு சொற்பொழிவா?’ என்று பின்வரிசைத் தம்பிகள் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். சற்று நேரம் கழித்து உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கப்போகிறேன். அதற்கு விடை சொல்ல அணியமாக இருங்கள்.

சுற்றி வளர்ப்பதும் பிரித்துக் குறைப்பதும் நம் கைகளுக்குப் புதிய வேலை அன்று. குளத்திலிருந்து குடம் சுமந்து வந்த நம் பாட்டிமார் தலையில் வைத்தது பழஞ்சேலையைச் சுருட்டிய சும்மாடு. குடத்தை இறக்கி வைத்தது வைக்கோலை முறுக்கி வட்டமாகச் சுற்றிய புரிமணை. அறுவடை முடிந்தபின் வைக்கோற்புரியை அடுக்கடுக்காகச் சுற்றிச் சேர் கட்டி நெல்லைச் சேமித்தார்களே, அந்தப் புரியைத் திரித்த கைகள் யாருடையவை? நெல் மிகுந்தால் மேலும் புரி சுற்றிச் சேரை உயர்த்துவார்கள்; நெல்லை எடுக்க எடுக்கப் புரியைப் பிரித்துக்கொண்டே வருவார்கள். சேருக்குள் இருந்த நெல் நமக்கு உரியதாக இல்லை. புரி திரிக்கும் அறிவு மட்டும் நம்மிடமே தங்கியது.

துணியைப் பின்னித் தரையில் விரிக்கும் இந்த வடிவம் வெளியிலிருந்து வந்தது. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் கிழிந்த கம்பளித் துணிகளை இவ்வாறு பின்னித் தரையில் இட்டார்கள். நாம் அறிந்த விரிப்பு கோரைப்பாய். பத்தமடைப் பாயாயினும் காவிரிக்கரைக் கோரைப்பாயாயினும் அது பாவு நூல் கட்டி நெய்தது. நெய்ததைக் குறைக்க வேண்டுமென்று கத்தரித்தால் ஓரத்தில் நூல் அவிழும், கோரை உருவிக்கொண்டு வரும். துணிப்பட்டை வைத்துத் தைத்தால்தான் நிற்கும். பெரிதாக்கவோ வழியே இல்லை. இரண்டு பாய்களை ஒட்டுப் போடலாம், அவ்வளவே. பின்னல் விரிப்பு அப்படிப்பட்டது அன்று. அது நடுவிலிருந்து வளர்ந்தது; எந்த நாளிலும் வெளி ஓரத்திலிருந்து மேலும் வளர்க்கலாம், அல்லது பின்வாங்கலாம். வீடு மாறுகிறவர்கள், ஓர் அறையை இரண்டாகத் தடுத்துக்கொள்கிறவர்கள், தொட்டிலுக்கடியில் இட்டதைக் குழந்தை வளர்ந்தபின் படிக்கும் இடத்தில் இட விரும்புகிறவர்கள் ஆகியோர் இதனைத் தேடி வருவது அதனால்தான்.

தொழில்முறைக்குச் செல்லுமுன் ஒரு வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். வகுப்புத் தொடங்கிய புதிதில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, பண்ணையில் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கந்தலை விட்டு வெளியே வரத்தானே சங்கம் வைத்தோம்? பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, மறுபடியும் கந்தலையே அவர்கள் கையில் கொடுக்கிறாயே?”

கேள்வி நியாயமானது. பண்ணையாளுக்கு ஆண்டுக்கொரு முறை கொடுத்த வேட்டியும் சேலையும் அவர் உழைப்பின் ஊதியத்தில் ஒரு பகுதி. ஆனால் அதனைக் கொடை போலக் கொடுத்தார்கள். வாங்கியவர் குனிந்து வாங்க வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுதான் பண்ணையாளின் கூலிக்குச் சட்டம் ஓர் அளவு சொன்னது. துணி வெறும் துணியாக இருந்ததில்லை என்பதனைப் பாபாசாகேப் அம்பேத்கர் நன்கறிந்திருந்தார். 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அவர் சேலை கட்டும் முறை வரைக்கும் பேசினார். தீண்டாதார் என்று பார்த்தவுடன் அடையாளங் காட்டும் உடுத்துமுறையையும் கனத்த உலோக நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். ஆகவே கந்தலைக் கண்டு நம் பெரியவர் மனம் கசந்ததில் வியப்பில்லை.

நாம் பின்னுவது எந்தத் துணி? நாம் விலை கொடுத்து வாங்கி, உடுத்துக் கழித்த சேலை. இல்லையேல் திருப்பூர் ஆலைகளில் வெட்டிக் கழிந்த பனியன் துணி; அது கிலோக் கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. எனினும் பெரியவரின் சொல்லை மனத்திற்கொண்டு வகுப்பில் ஒரு விதி வைத்தேன். யாரேனும் ‘சும்மா எடுத்துக்கொண்டு போ’ என்று கொடுக்கும் பழந்துணியை எடுப்பதில்லை. எடுத்தால் எடை போட்டு, விலை கொடுத்து, நோட்டில் எழுதியே எடுக்கிறோம். இதனால் நமக்குச் சிறிது நட்டம் உண்டு என்பதை மறைக்கவில்லை. இதனைக் கேட்ட பெரியவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒப்புக்கொண்டார் என்று நான் கூறமாட்டேன். ஆனால் மறுவாரம் தம் பேத்தியை வகுப்பில் சேர்த்தார்.

இனித் தொழிலுக்கு வருவோம். பயிற்சி பெற்றவர்களுக்குத் தெரிந்ததே என்றாலும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பழைய நூற்சேலை மெல்லியது. 4 அங்குல அகலமுள்ள நாடாவாகக் கிழித்து, ஓரங்களை உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும். பனியன் துணிக்கு அதிற்பாதி அகலம் போதும். இழுத்தால் அது தானாகவே சுருண்டுகொள்ளும். மூன்று நாடாக்களைச் சடைபோலப் பின்னினால் ஏறத்தாழ ஓர் அங்குல அகலமுள்ள பின்னல் கிடைக்கும். அதனைச் சுற்றி வைத்து, முனை மழுங்கிய கோணியூசியால் ஒரு சுற்றின் கண்ணையும் அடுத்த சுற்றின் கண்ணையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஊசி துணியைக் குத்தக்கூடாது, கண்ணுக்குள்தான் நுழைய வேண்டும். இது முக்கியம். துணியைக் குத்தித் தைத்த விரிப்பை மறுபடி பிரிக்க முயன்றால் துணி கிழியும். கண்ணில் கோத்ததோ நூலை வெட்டி உருவினால் பின்னல் சிதையாமல் கையோடு வந்துவிடும்.

வட்ட விரிப்புக்குக் கணக்கு எளிது. நீள்வட்ட விரிப்பில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அதன் நடுவில் முதலில் ஒரு பின்னலை நேராகக் கிடத்துகிறோம். பிறகு அதனைச் சுற்றி வருகிறோம். அந்த நடுப்பின்னல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? விரிப்பின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதே நடுப்பின்னலின் நீளம். 3 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டுமென்றால் நடுப்பின்னல் 1 அடி. காரணம் இதுதான்: ஒவ்வொரு சுற்றும் விரிப்பின் நான்கு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டுகிறது. ஆகவே நீளம் 2 அங்குலம் கூடும். அகலமும் 2 அங்குலமே கூடும். இரண்டும் ஒன்றாகக் கூடுவதால் அவற்றின் வேறுபாடு மாறுவதே இல்லை.

இப்போது தம்பிகளுக்குக் கணக்கு. ஒரு வீட்டில் 3 அடிக்கு 2 அடி விரிப்பு இருக்கிறது. அதனை 6 அடிக்கு 4 அடியாக வளர்த்துத் தர வேண்டும் என்கிறார்கள். எத்தனை சுற்றுச் சேர்க்க வேண்டும்?

பன்னிரண்டு என்றும் பதினெட்டு என்றும் குரல்கள் வருகின்றன. இரண்டும் சரியில்லை. அப்படி ஒரு சுற்று எண்ணிக்கையே கிடையாது. 3க்கு 2 ஆக இருந்தது 4க்கு 3 ஆகும், 5க்கு 4 ஆகும், 6க்கு 5 ஆகும். 6க்கு 4 ஆகவே ஆகாது. நடுவில் 1 அடி வைத்துத் தொடங்கியவர் அன்றே அதனை முடிவு செய்துவிட்டார். விரிப்பு வளர வளர அந்த ஓரடி வேறுபாடு அப்படியே இருக்கும். ஆனால் பெரிய விரிப்பில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும், உருவம் வட்டத்தை நெருங்கும். 6க்கு 4 தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் செய்தால் முழுவதும் பிரித்து, நடுப்பின்னலை 2 அடியாக வைத்து மீண்டும் சுற்ற வேண்டும். அதிலும் பின்னல் வீணாகாது. கோத்த நூலும் கோத்த நேரமுந்தான் வீண். இதனை வேலை ஒப்புக்கொள்ளுமுன் சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் சண்டை வரும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. ஏனெனில் இதில் கூலி இருக்கிறது. நம்மிடம் விரிப்பு வாங்கும் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் 3 அடிக்கு 2 அடி விரிப்பொன்றைக் கொண்டுவந்து, 4 அடிக்கு 3 அடியாக ஆக்கித் தரும்படி நம் பெண் ஒருவரிடம் கேட்டார். “ஓர் அடிதானே கூடுகிறது, மூன்றில் ஒரு பங்கு கூலி வாங்கிக்கொள்” என்றார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. அந்தப் பெண் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் சிலேட்டை எடுத்தார்.

3க்கு 2 விரிப்பு என்பது நடுவில் 1 அடிக்கு 2 அடி நீள்சதுரமும் இரு முனைகளிலும் இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்தது. நீள்சதுரத்தின் பரப்பு 2 சதுர அடி. இரண்டு அரைவட்டமும் சேர்ந்தால் 1 அடி ஆரமுள்ள ஒரு முழு வட்டம்; அதன் பரப்பு 22/7, அதாவது ஏறத்தாழ 3.14 சதுர அடி. மொத்தம் 5.14. பின்னலின் அகலம் ஓர் அங்குலம் ஆதலால் ஒரு சதுர அடிக்கு 12 அடிப் பின்னல் வேண்டும். எனவே பழைய விரிப்பில் ஏறத்தாழ 62 அடிப் பின்னல் இருக்கிறது. 4க்கு 3 விரிப்பில் நீள்சதுரம் 3 சதுர அடி, வட்டம் ஏறத்தாழ 7.07 சதுர அடி; மொத்தம் 10.07. பின்னல் ஏறத்தாழ 121 அடி. கூடுதலாக வேண்டியது 59 அடி!

கூடுவது ஓரடி போலத் தெரிகிறது; ஆனால் வேலையோ ஏறத்தாழ இன்னொரு விரிப்பு செய்யும் வேலை. முதல் விரிப்புக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடைக்காரர் கொடுக்க நினைத்தது 200. நியாயமாக வர வேண்டியது 570 ரூபாய்க்கு மேல். கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்காது. சிலேட்டைப் பார்த்தபின் அவர் பேரம் பேசினார், ஆனால் ‘ஓரடிதானே’ என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

கூலி அளந்த மரக்காலும் வாரம் அளந்த மரக்காலும் ஒரே அளவாக இல்லாத காலத்தைப் பற்றி உங்கள் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். அளவு எவர் கையில் இருந்ததோ நெல்லும் அவர் கையில் இருந்தது. வட்டத்தின் பரப்பு பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. ‘இதெல்லாம் எங்கே பயன்படப்போகிறது?’ என்று இரவுப் பாடசாலையில் ஒரு மாணவன் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் தாயார் இவ்வாண்டு நம் வகுப்பில் பின்னல் கற்றவர். வீட்டில் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

துணியின் தேவையையும் இதே வழியில் கணக்கிடலாம். பின்னும்போது நாடா குறுகிவிடும். ஓரடிப் பின்னலுக்கு ஒவ்வொரு நாடாவும் ஏறத்தாழ ஒன்றரை அடி பிடிக்கும். 59 அடிப் பின்னலுக்கு மூன்று நாடாக்களும் சேர்ந்து ஏறத்தாழ 265 அடி. 18 அடி நீளமும் 45 அங்குல அகலமுமுள்ள சேலையில் 4 அங்குல நாடா 11 வரும். அதாவது 198 அடி. நைந்த இடங்களைக் கழித்தால் இரண்டு சேலைகள் வேண்டும்.

பெரிதாக்கும் முறை இது. விரிப்பின் வெளிமுனையைத் தேடுங்கள். முன்பு செய்தவர் அங்கே நாடாக்களைக் கூராக வெட்டி, மெல்லிதாகப் பின்னிச் செருகியிருப்பார். அந்தச் செருகலைப் பிரித்து, கூராக வெட்டிய பகுதியை நீக்கிவிட்டு, முழு அகலமுள்ள நாடா வரும் இடத்தில் புது நாடாவை இணைக்க வேண்டும். இணைப்பைக் குறுக்காகத் தைக்காமல் சாய்வாகத் தையுங்கள். இல்லையேல் அந்த இடம் முடிச்சுப் போலத் தடிக்கும். மூன்று நாடாக்களின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஒன்றை நீட்டியும் ஒன்றைக் குறைத்தும் வெட்டிக்கொண்டால் இடம் மாறி அமையும். நிறம் மாற வேண்டுமென்றாலும் அப்படியே, ஒரு சுற்றுக்கு ஒரு நாடாவாக மாற்றினால் பழையதும் புதியதும் சண்டையிடாமல் கலக்கும்.

புதுத் துணியைத் துவைத்துக் காயவைக்காமல் சேர்க்காதீர்கள். பழைய விரிப்பு சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டது. புதுச் சுற்றுகள் முதல் துவைப்பில் சுருங்கி ஓரத்தை இழுத்துக் கிண்ணம் போல ஆக்கிவிடும். சாயம் போகும் சேலை பக்கத்துப் பின்னலையும் கெடுத்துவிடும். பழைய பின்னலின் அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் பிழை வரும். பத்துச் சுற்றுகளின் அகலத்தை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த அகலம் வரும்வரை புதுநாடாவைக் கூட்டியோ குறைத்தோ பின்னிப் பார்த்தபின் தொடங்குங்கள்.

விரிப்பு தரையில் படியாமல் போவதற்குப் பெரும்பாலும் வளைவே காரணம். வெளிச்சுற்று உட்சுற்றைவிட நீளமானது. எவ்வளவு நீளம்? 2 × 22/7 × பின்னலின் அகலம். நம் பின்னலுக்கு ஏறத்தாழ 6 1/4 அங்குலம். இதில் ஒரு விந்தை உண்டு. சிறிய விரிப்பாயினும் கூடத்தை நிறைக்கும் விரிப்பாயினும் ஒரு சுற்றுக்கு அடுத்த சுற்று அதே 6 1/4 அங்குலந்தான் கூடுதல். பூமியைச் சுற்றி ஒரு பின்னல் தைத்திருந்தாலும் அதற்கு வெளியே வரும் அடுத்த சுற்றுக்கு அவ்வளவே கூடுதலாக வேண்டும்! இந்தக் கூடுதல் முழுவதும் இரண்டு வளைவுகளுக்கே சேர வேண்டும். நேர்ப்பகுதிக்கு ஒன்றும் வேண்டா. ஆகையால் வளைவில் ஊசி வரும்போது புதுப்பின்னலின் ஒரு கண்ணை விட்டு அடுத்த கண்ணில் கோத்து, பின்னலுக்கு இடங்கொடுக்க வேண்டும். இடங்கொடாமல் இறுக்கினால் விரிப்பு கிண்ணமாகும். அதிகம் கொடுத்தால் பொரித்த அப்பளம் போல ஓரம் நெளியும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கண்ணை விட்டால் வளைவு மூலையாகிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கை சொல்லும்.

சிறிதாக்குவதற்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. கத்தரிக்கோலால் விரிப்பின் ஓரத்தை வெட்டாதீர்கள். வெட்டிய இடமெல்லாம் மூன்று நாடாக்களின் முனை. அத்தனை முனையும் அவிழும். வகுப்பில் ஒரு சகோதரியின் வீட்டில் அவருடைய அண்ணன், கதவு தட்டுகிறதென்று விரிப்பின் ஒரு பக்கத்தை அரிவாளால் அரிந்துவிட்டார். இரண்டே நாளில் அது மீண்டும் கந்தலாயிற்று. குறைக்க வேண்டுமானால் வெளிமுனையிலிருந்து நூலை வெட்டி, சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு சுற்றுக்கு 2 அங்குலம் குறையும். நிறுத்தும் இடம் வளைவில் இருக்கட்டும். நேர்ப்பகுதியில் நிறுத்தினால் படி போலத் தெரியும். கடைசி 8 அங்குலத்தில் நாடாக்களைக் கூராக வெட்டி, மெல்லிதாகப் பின்னி, முந்தைய சுற்றின் கண்ணில் செருகித் தைத்துவிடுங்கள். கழற்றிய பின்னல் அப்படியே இருக்கும். அதனைச் சுற்றினால் குடம் வைக்கும் மணையாகும், நாற்காலி விரிப்பாகும். அது வாடிக்கையாளருடையது என்பதை மறவாதீர்கள். நமக்கு வேண்டுமென்றால் கேட்டு, கூலியில் கழித்துக்கொள்ளலாம். பிரிப்பதற்குக் கூலி உண்டு என்பதையும் முன்னரே சொல்லுங்கள். ‘சிறிதாகத்தானே ஆக்கினாய், இதற்கு என்ன கூலி?’ என்பவர்கள் பலர்.

கந்தலிலிருந்து எழுந்த ஒரு கூட்டுறவைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் வயலில் உடுத்து நைந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி ஒட்டுப்போர்வைகள் தைத்தார்கள். வீட்டுக் குளிருக்கு அதுவே அவர்களுக்குத் துணை. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காக அப்பகுதியில் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க் வரை விற்பனைக்குச் சென்றன. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் தலையணை உறைகள் தைக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தது. அதில் கழிந்த துண்டுத்துணிகளை அவர்கள் வீட்டுப் போர்வைகளில் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டுறவு நிலம் வாங்கியது. வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை விற்றது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் உடலைச் சுமந்த வண்டியை இழுத்தவை அந்த ஊர்க் கோவேறு கழுதைகளே.

மனை என்றதும் நம் பெரியவர்கள் தலையசைக்கிறார்கள். குடியிருந்த மனை மிராசுதாரருக்குச் சொந்தமாக இருந்ததால், கூலி கேட்டவனை மனையை விட்டுப் போகச் சொல்லும் வழக்கம் நம் மாவட்டத்திலும் இருந்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அந்த மனைகளுக்கு உரிமை வழங்கியது. கடல் கடந்த ஊராயினும் கதை நமக்குப் புதியதன்று.

அங்கே நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நகரத்துக் கடைகள் எல்லாப் போர்வைகளும் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்று கேட்டன. தம் மனம்போல வெட்டித் தைத்துப் பழகிய பெண்களுக்கு அது நெருக்கடியாயிற்று. அந்த மனம்போனபடித் தைத்த பழைய போர்வைகளைத்தான் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் தொங்கவிட்டுப் பாராட்டினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பெற்றன. கூட்டுறவோ 2012இல் மூடப்பட்டது. ஆகையால் கடை கேட்கும் அளவுக்குச் செய்து கொடுக்கும்போதே, ஆளுக்கு ஒரு விரிப்பாவது தம் விருப்பம்போலச் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. செயலாளர் இதனை ஏற்கமாட்டார். துணி வீண் என்பார். பேசிப் பார்ப்போம்.

இத்தொழில் வயல்வேலைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரையில் நம் ஊர்களில் வேலை அரிது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின் இம்மாவட்டத்திற்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் அவர்களும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் பதிந்ததோடு, வயல்வேலை இல்லாத நாள்களுக்கெனப் பாய் முடைதல், தையல், தச்சு முதலிய பயிற்சிகளையும் அவர்கள் நடத்தினார்கள். நமக்கும் அதே மாதங்கள்தாம். பங்குனி, சித்திரை வெயில் துணி துவைத்துக் காயவைக்கவும் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் பின்னல் விரிப்பை ஈரத்தரையில் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். வாங்குகிறவர்களிடம் இதனையும் சொல்லி விற்க வேண்டும்.

கடைசியாகப் பயிற்சி முடித்த சகோதரிகளுக்கு ஒரு வேலை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு விரிப்பின் அடியிலும் இரண்டங்குலத் துணித்துண்டு ஒன்றைத் தைத்து வையுங்கள். அதில் மூன்று எண்கள் இருக்கட்டும்: நடுப்பின்னலின் நீளம், பின்னலின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை. பத்தாண்டு கழித்து அதனைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ யார் கையில் எடுத்தாலும், அவிழ்த்துப் பார்க்காமலே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எண்களை மையால் எழுதாதீர்கள், ஒரு துவைப்பில் போய்விடும், நூலால் தையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடுகளாகத் தைக்கலாம், ஓர் அடிக்கு ஒரு கோடு. வரும் வெள்ளிக்கிழமை மாலை மாதிரித் துண்டுகளைக் கொண்டுவாருங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.